மட்கும் பேனா மட்கியதா?

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் பொங்கல் விழா மேடையில் நான் ஒரு வாக்குறுதி தந்தேன். அது பொய்த்துவிட்டது. எவ்வாறு பொய்த்தது, ஏன் பொய்த்தது என்பவற்றை உறுப்பினர்களுக்கு எடுத்துரைக்கும் கடமை எனக்கு உண்டு. அக்கடமையை நிறைவேற்றவே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

விழாவிற்கு வந்திருந்தோர்க்கு நினைவிருக்கலாம். ஒவ்வொருவர்க்கும் ஒரு பேனா, ஓர் அளவுகோல், தாள்கள் கோத்த ஓர் அட்டைக்கோப்பு, இவற்றையெல்லாம் இட்டுத் தர ஒரு பை ஆகியவை வழங்கப்பட்டன. பேனா, அளவுகோல், பை மூன்றும் ‘மட்கும் பிளாஸ்டிக்’ என்று கடைக்காரர் உறுதி கூறியவை. சாதாரணப் பேனாவைப் போல் இரு மடங்கு விலை. பொருளாளர் பட்டியலைப் பார்த்து முகம் சுளித்தார். “தலைநகரின் குப்பை மலைக்கு நம் சங்கமும் ஒரு கூடை சுமக்க வேண்டுமா?” என்று வாதாடி அவரை இசைய வைத்தவன் நானே. மேடையேறி, “இவை மண்ணில் பிறந்தவை, மண்ணுக்கே திரும்பும். எழுதித் தீர்ந்ததும் தோட்டத்திலே புதைத்துவிடுங்கள்” என்று முழங்கினேன். கைதட்டலும் கிடைத்தது.

சொன்னவன் செய்து காட்ட வேண்டுமன்றோ? விழா முடிந்த மறுநாள், விடுதியின் பின்புறத் தோட்டத்தில் ஒரு முழ ஆழத்திற்குக் குழி தோண்டினேன். பேனா, அளவுகோல், பை, அட்டைக்கோப்பு, தாள்களைக் கோக்கும் பச்சை டேக் கயிறு என ஐந்து பொருள்களையும் புதைத்து, மேலே ஒரு செங்கல்லை அடையாளமாக வைத்தேன். தோட்டக்காரப் பெரியவரிடம் அவ்விடத்தைக் கொத்த வேண்டாமென்று கேட்டுக்கொண்டேன்.

ஓராண்டுக்குப் பின்

இவ்வாண்டுப் பொங்கலுக்கு முந்திய நாள் அக்குழியைத் தோண்டினோம். டேக் கயிற்றின் நூல் முழுவதும் போய்விட்டது. அதன் இரு முனைகளிலும் இருந்த தகரத் துண்டுகள் மட்டும் துருவேறிக் கிடந்தன. அட்டைக்கோப்பு இருந்த இடத்தில் கரிய மண்தான் இருந்தது. பை சல்லடைபோல் ஓட்டையாகிப் பாதிக்கு மேல் காணாமற் போயிருந்தது. எஞ்சிய துணுக்குகள் புல் வேர்களோடு பின்னிக் கிடந்தன. அளவுகோல் சற்றுச் சொரசொரப்பாகி நிறம் மங்கியிருந்தது. ஆனால் ஒன்று முதல் முப்பது வரை எண்கள் அனைத்தையும் படிக்க முடிந்தது. பேனாவோ நேற்று வைத்தது போலவே இருந்தது. மண்ணைத் துடைத்ததும் நம் சங்கத்தின் பெயர் பளிச்செனத் தெரிந்தது.

தோட்டக்காரப் பெரியவர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது விதையுமில்லை, முளைப்பதற்கு, எருவுமில்லை, மக்குவதற்கு. இதை எதற்கு மகனே மண்ணிலே போட்டாய்?” என்றார் இந்தியில். எனக்கு விடை கூறத் தெரியவில்லை. மக்காத பொருளை மக்கும் என்று நம்பிய நானே மக்கு என்று எண்ணிக்கொண்டேன்.

அன்று தொடங்கிய தேடலில் நான் கற்றவற்றை இனிக் கூறுகின்றேன். கடைக்காரர் முழுப் பொய் சொல்லவில்லை. முழு உண்மையும் சொல்லவில்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட அந்த இடந்தான் நாம் அறிந்துகொள்ள வேண்டிய இடம்.

மூன்று சொற்கள்

முதலில் சொற்களைத் தெளிவு செய்துகொள்வோம். சிதைவது வேறு, மட்குவது வேறு, உரமாவது வேறு. விளம்பரங்களில் இம்மூன்றும் ஒன்றாகக் குழைத்துச் சொல்லப்படுகின்றன.

ஒரு பொருள் வெயிலாலும் காற்றாலும் உராய்வாலும் துண்டு துண்டாக உடைந்தால் அது சிதைவு. கண்ணுக்குத் தெரியாத அளவிற்குத் துண்டுகள் சிறுத்தாலும் பொருள் பொருளாகவே இருக்கும். சர்க்கரைக் கட்டியை இடித்து மாவாக்கினாலும் அது சர்க்கரைதானே?

நுண்ணுயிர்கள் அப்பொருளை உணவாக உண்டு, கரியமில வாயுவாகவும் நீராகவும் தம் உடலாகவும் மாற்றிவிட்டால் அது மட்குதல். பேச்சில் நாம் ‘மக்குதல்’ என்கிறோம். ஏட்டில் ‘மட்குதல்’ என்று எழுதுகிறோம். காற்று புகாத இடமாயின் கரியமில வாயுவோடு மீத்தேன் வாயுவும் உண்டாகும்.

குறித்த வெப்பம், ஈரம், காற்று ஆகியவை அமைந்த உரக்கூடத்தில், குறித்த காலத்திற்குள், செடிகளுக்குத் தீங்கில்லாத எருவோடு கலந்துவிட்டால் அதுவே உரமாதல். உரமாகும் பொருள் அனைத்தும் மட்கும் பொருளே. ஆனால் ‘மட்கும்’ என்று எழுதிய பொருள் அனைத்தும் நம் வீட்டுத் தோட்டத்தில் உரமாகிவிடும் என்று கொள்ளலாகாது. நான் வழுக்கி விழுந்தது இவ்விடத்திலேதான்.

சங்கிலி அறுவது எப்படி?

பிளாஸ்டிக் என்பது நெடிய மூலக்கூறுச் சங்கிலி. பூக்களைத் தொடுத்து மாலையாக்குவது போலச் சிறு மூலக்கூறுகளை ஆயிரக்கணக்கில் தொடுத்தால் பாலிமர் என்னும் நெடுஞ்சங்கிலி கிடைக்கும். எந்த நூலால் தொடுத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தே அது அறுவதும் அறாததும் அமைகின்றது.

பாலித்தீனிலும் பாலிபுரப்பிலீனிலும் கரியணு கரியணுவோடு நேரே கைகோத்து நிற்கின்றது. அப்பிடியை விடுவிக்கும் நொதிகள் நுண்ணுயிர்களிடம் மிக அரிது. ஆதலால் அப்பொருள்கள் மண்ணில் மிக நெடுங்காலம் கிடக்கின்றன.

என் பேனாவின் உடல் பாலிலாக்டிக் அமிலத்தால் ஆனது. சுருக்கமாகப் பி.எல்.ஏ. என்பர். மக்காச்சோள மாவு அல்லது கரும்புச் சர்க்கரையை நுண்ணுயிர்களைக் கொண்டு புளிக்கவைத்தால் லாக்டிக் அமிலம் கிடைக்கும். தயிரைப் புளிக்கச் செய்யும் அமிலமும் அதுவே. அதைத் தொடுத்தால் பி.எல்.ஏ. பிறக்கின்றது. இச்சங்கிலியின் கண்ணிகளை இணைப்பது எஸ்ட்டர் பிணைப்பு. நீர் இப்பிணைப்பை அறுக்க வல்லது. இதற்கு நீராற்பகுப்பு என்று பெயர்.

ஆகவே பி.எல்.ஏ. மட்குவது இரண்டு படிகளில் நடைபெறுகின்றது. முதற்படியில் நீர் உட்புகுந்து நெடுஞ்சங்கிலியைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்குகின்றது. இரண்டாம் படியில், போதிய அளவு குறுகிய துண்டுகளை நுண்ணுயிர்கள் உட்கொள்கின்றன. முதற்படி நிகழாவிடில் இரண்டாம் படிக்கு வேலையே இல்லை. வாய் கொள்ளாத கரும்பை நறுக்காமல் கொடுத்தால் குழந்தை என்ன செய்யும்?

அந்த முதற்படிக்குத்தான் வெப்பம் வேண்டும். ஏறத்தாழ 55 முதல் 60 பாகை சென்டிகிரேடு வரையில் பி.எல்.ஏ. கண்ணாடி போல் விறைத்து நிற்கும். அதன் மூலக்கூறுகள் அசைவின்றி நெருங்கிக் கிடப்பதால் நீர் உள்ளே புகுந்து வேலை செய்வது மிக மெதுவாகவே நடக்கும். வெப்பம் அந்த எல்லையைத் தொட்டால் விறைப்பு நீங்குகின்றது; சங்கிலிகள் நெகிழ்கின்றன; நீர் விரைந்து நறுக்குகின்றது. தில்லியின் கோடையில் தரை காலைச் சுடுவது உண்மை. ஆயினும் ஒரு முழ ஆழத்தில் அச்சூடு இல்லை. மாரிக்காலத்திலோ மண்ணே குளிர்ந்துவிடுகின்றது. என் பேனா ஓராண்டு முழுவதும் கண்ணாடி நிலையிலேயே உறங்கிக் கிடந்திருக்கின்றது!

பை மட்டும் பாதி கரைந்தது ஏன்? அது மாவுப்பொருளும் பி.பி.ஏ.டி. என்னும் வேறொரு பாலியெஸ்ட்டரும் கலந்த மெல்லிய ஏடு. மாவை மண்ணுயிர்கள் எளிதில் உண்ணும். பி.பி.ஏ.டி. அறை வெப்பத்திலேயே நெகிழ்ந்த நிலையில் இருப்பது. நுண்ணுயிர்களின் நொதிகள் அதன்மேல் வேலை செய்ய இயலும். ஏடும் மெல்லியது. ஆயினும் ஓராண்டில் முற்றும் மறையவில்லை என்பதையும் குறித்துக்கொள்வோம்.

எஸ்ட்டர் பிணைப்பு இருந்தாலே போதுமா என்று ஓர் ஐயம் எழலாம். போதாது. தண்ணீர்ப் புட்டி செய்யும் பி.இ.டி. பிளாஸ்டிக்கிலும் எஸ்ட்டர் பிணைப்பு உண்டு. எனினும் அதன் வளைய அமைப்புகள் இறுகி நிற்பதால் எளிதில் அறுவதில்லை. அதையும் உண்ணும் ஐடியோனெல்லா சகாயென்சிஸ் என்ற பாக்டீரியத்தை ஜப்பானிய அறிஞர்கள் சகாய் நகரில் கண்டு 2016-இல் வெளியிட்டபோது உலகமே வியந்தது. அவ்வளவு அரிய செய்தி அது.

மாறாக, பாக்டீரியங்களே தம் உடலுக்குள் கொழுப்புப் போலச் சேமித்து வைக்கும் பிளாஸ்டிக்கும் உண்டு. பிரெஞ்சு அறிஞர் மோரீஸ் லெமுவாஞ் 1926-இல் விளக்கிய பி.எச்.பி. அத்தகையது. உயிர்களே உண்டாக்கியதாதலால் உயிர்களே உண்ணவும் அறியும். சாதாரண மண்ணிலும் கடல் நீரிலும் இவ்வினத்துப் பிளாஸ்டிக் மட்குகின்றது. ஆனால் விலை அதிகம். அதனால் நம் கடைத்தெருவில் காண்பது பெரும்பாலும் பி.எல்.ஏ.யே.

ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனை

படித்ததை மட்டும் நம்பி மீண்டும் மேடையேறக் கூடாது என்று முடிவு செய்தேன். வேதியியல் துறையில் பயிலும் நம் சங்கத் தோழர் ஒருவர் துணை செய்தார். தோண்டியெடுத்த பேனாவின் உடலைச் சிறு துண்டுகளாக அறுத்தோம். ஒரு குடுவையில் நீருடன் சில துண்டுகளை இட்டு 60 பாகை வெந்நீர்த் தொட்டியில் வைத்தோம். மற்றொரு குடுவையை மேசைமேல் சாதாரண வெப்பத்தில் வைத்தோம்.

இரண்டு வாரத்தில் வெந்நீர்க் குடுவைத் துண்டுகள் வெளுத்துச் சுண்ணாம்பு போலாயின. ஐந்தாம் வாரத்தில் ஒன்றை எடுத்து விரலால் அழுத்தினேன். பொரித்த அப்பளம்போல் நொறுங்கியது. அந்நீரில் நீல லிட்மஸ் தாளை நனைத்ததும் அது சிவந்தது. சங்கிலி அறுந்து அமிலம் வெளிவந்ததற்கு அதுவே சான்று. மேசைமேல் இருந்த குடுவைத் துண்டுகளில் எவ்வித மாற்றமும் இல்லை. அதே பேனா, அதே நீர். வெப்பம் ஒன்றே வேறுபாடு.

இரண்டு குடுவைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குக் கடைக்காரர்மீது இருந்த சினம் பாதி தணிந்தது. பேனா மட்க வல்லதுதான். நான் அதை வைத்த இடந்தான் மட்கச் செய்ய வல்லதன்று.

அந்த இடம் எது? தொழில்முறை உரக்கூடம். காய்கறிக் கழிவு, இலைதழை, சாணம் முதலியவற்றை மலைபோல் குவித்து, ஈரம் காத்து, அவ்வப்போது புரட்டிக் காற்றூட்டுவர். கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் உண்டு செரிக்கும் உழைப்பின் வெப்பமே குவியலை 55, 60 பாகைக்கு மேல் உயர்த்திவிடும். வைக்கோற்போர் ஈரமானால் உள்ளே கையை வைக்க முடியாமல் கொதிப்பதை நம் ஊர்களில் கண்டிருப்பீர்கள், அதே தத்துவந்தான். சிறு குழியிலும் பூந்தொட்டியிலும் இவ்வெப்பம் நிலைப்பதில்லை, உண்டானவுடன் வெளியேறிவிடும்.

உரமாகும் பிளாஸ்டிக்கிற்கு உலக நாடுகள் வகுத்துள்ள அளவுகோலும் இவ்வுரக்கூடத்தை மனத்திற்கொண்டதே. ஏறத்தாழ 58 பாகை வெப்பத்தில் வைத்துச் சோதிக்கும்போது, 180 நாள்களுக்குள் அதிலுள்ள கரியில் 90 விழுக்காடு கரியமில வாயுவாக மாற வேண்டும். 12 வாரத்தில், 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்தால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எஞ்சலாகாது. ஈயம் முதலிய உலோகங்கள் வரம்பு மீறலாகாது. அந்த எருவில் விதை நன்றாக முளைக்கவும் வேண்டும். நூறு விழுக்காடு ஏன் கேட்கவில்லை என்று தோன்றும். உண்ட உணவெல்லாம் மூச்சாகவே வெளியேறுவதில்லை. ஒரு பகுதி உடலாகின்றது. நுண்ணுயிர்க்கும் அஃதே நியதி. மேலும், சோதித்த தடிமனுக்கு மட்டுமே அச்சான்று செல்லும். மெல்லிய ஏட்டிற்குப் பெற்ற சான்றைக் காட்டித் தடித்த பேனாவை விற்பது முறையன்று.

எறிந்த பின் எங்கே போகின்றது?

நம் விடுதிக் குப்பைத்தொட்டிக்கு வருவோம். பச்சைத் தொட்டி ஈரக் குப்பைக்கு. நீலத் தொட்டி உலர் குப்பைக்கு. பேனாவை எதில் இடுவது? பெரும்பாலோர் நீலத்தில் இடுவர். அங்கிருந்து அது செல்லக்கூடிய வழிகள் சில.

முதல் வழி, மறுசுழற்சி. அங்கே பி.எல்.ஏ. வேண்டாத விருந்தாளி. தோற்றத்தில் பி.இ.டி.யைப் போலவே இருப்பதால் அதனோடு கலந்துவிடும். உருகும் வெப்பம் வேறாதலால் சிறிதளவு கலந்தாலும் உருக்கிய பொருள் மங்கித் தரம் கெட்டுவிடும். நன்மை செய்யப் புறப்பட்ட பேனா மற்றப் பிளாஸ்டிக்கின் மறுபிறப்பையும் கெடுத்துவிடுகின்றது.

இரண்டாம் வழி, குப்பைமேடு. தில்லியில் பயிலும் நமக்குக் காஜிப்பூரை அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. 1984-இல் தொடங்கிய அக்குப்பைமேடு 2002-இலேயே நிறைந்துவிட்டது. அதன் பின்னும் வளர்ந்தது. 2017-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் அதன் ஒரு பகுதி சரிந்து இருவர் உயிரிழந்தனர். குப்பை என்பது அழகைக் கெடுப்பது மட்டுமன்று. ஆளையும் கொல்வது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

இத்தகைய மேட்டின் உள்ளே என்ன நடக்கின்றது? மேலே மேலே கொட்டி அழுத்துவதால் உள்ளே காற்றில்லை. பல இடங்களில் ஈரமும் இல்லை. 1973-இல் அமெரிக்காவின் அரிசோனாப் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ராத்ஜே என்ற தொல்லியல் பேராசிரியர் குப்பையை ஆராயத் தொடங்கினார். பிற்பாடு குப்பைமேடுகளைத் துளைத்துப் பார்த்த அவர் குழுவினர், பல்லாண்டுகளுக்கு முன் எறிந்த செய்தித்தாள்களைத் தலைப்பு முதல் படிக்கக் கண்டனர். சாதாரணத் தாளே மட்காத இடத்தில் பி.எல்.ஏ. எங்ஙனம் மட்கும்? குளிர்ந்த குப்பைமேட்டின் ஆழத்தில் அது ஏறத்தாழ அப்படியே கிடக்கும். மாவு கலந்த பிளாஸ்டிக் மட்கினாலோ, காற்றில்லாமையால் மீத்தேன் பிறக்கும். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு அது. ஆகவே குப்பைமேட்டில் மட்காவிட்டாலும் தொல்லை, மட்கினாலும் தொல்லை.

மூன்றாம் வழி, சாக்கடை வழியாக யமுனை, யமுனை வழியாகக் கங்கை, இறுதியில் கடல். இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக அறிஞர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பலவகைப் பைகளை மண்ணிலும் கடல் நீரிலும் மூன்றாண்டுகள் வைத்திருந்தனர். ‘மட்கும்’ என்று விற்கப்பட்ட பை அதற்குப் பின்னும் கடைச் சாமான்களைச் சுமக்கும் வலிமையோடு இருந்தது. ‘உரமாகும்’ என்று குறித்த பையோ கடலில் மூன்று மாதத்தில் மறைந்துவிட்டது. ஆனால் மண்ணில் 27 மாதங்களுக்குப் பின்னும் இருந்தது. ஒரே பைதான், இடத்திற்கு இடம் நடத்தை வேறு. எந்த இடத்தில் என்று சொல்லாமல் ‘மட்கும்’ என்று சொல்வதில் பொருளே இல்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

பெயரில் உள்ள மயக்கங்கள்

என் அளவுகோலின் கதை வேறு. ‘கோதுமை வைக்கோலால் ஆனது’ என்று அதன்மேல் அச்சிடப்பட்டிருந்தது. வைக்கோல் இருப்பது மெய்யே. ஆனால் அத்தகைய பொருள்கள் பலவற்றில் வைக்கோல் தூளைப் பிடித்து நிறுத்துவது சாதாரணப் பாலிபுரப்பிலீன்தான். மேற்பரப்பில் இருந்த தூளை மண் தின்றது. அதனாலேயே அளவுகோல் சொரசொரப்பானது. எஞ்சிய பிளாஸ்டிக் அப்படியே நின்றது. சோற்றில் கல் கலந்தால் சோற்றைத்தான் உண்ண முடியும். கல்லை உண்ண முடியுமா?

மற்றொரு மயக்கம், செடியிலிருந்து வந்ததெல்லாம் மட்கும் என்பது. கரும்பிலிருந்து சாராயம் வடித்து, அதிலிருந்து பாலித்தீன் செய்கின்றனர். பிறப்பு கரும்பாயினும் மூலக்கூறு பழைய பாலித்தீனே, மட்காது. பி.பி.ஏ.டி.யோ பெரும்பாலும் மண்ணெண்ணெய்க் குடும்பமாகிய பெட்ரோலியத்திலிருந்து வருவது, ஆயினும் மட்கும். பிறப்பால் அன்று, அமைப்பால்தான் மட்கும் இயல்பு அமைகின்றது. மனிதரிடத்தும் பிறப்பைப் பார்க்காதே என்பது நாம் கற்ற பாடமன்றோ? பிளாஸ்டிக்குக்கும் அது பொருந்துகின்றது.

மூன்றாம் மயக்கமே மிகவும் கொடியது. சாதாரணப் பாலித்தீனில் சில உலோக உப்புகளைச் சேர்த்து, வெயிலிலும் காற்றிலும் விரைவாக உடையும்படி செய்து, அதையும் ‘மட்கும்’ என்று விற்றனர். அது பெரும்பாலும் நுண்துகளாகச் சிதறுவதே அன்றி உண்ணப்படுவதன்று. கண்ணில் பட்ட குப்பை கண்ணில் படாத குப்பையாயிற்று. ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் இயற்றிய ஆணையால் 2021 சூலை முதல் இவ்வகைப் பொருள்களின் விற்பனையைத் தடுத்துவிட்டது.

மேலும் ஒன்று. பேனாவின் உடல் முழுவதும் மட்குவதாகவே கொள்வோம். உள்ளே இருக்கும் ரீஃபில்? அதன் குழல் பிளாஸ்டிக், முனை பித்தளை, முனையிலுள்ள குண்டு டங்ஸ்டன் கார்பைடு என்னும் மிகக் கடிய பொருள், அதோடு எஞ்சிய மை. இவற்றைக் கழற்றாமல் பேனாவை எருவில் இட்டால் எருவும் கெடும். உரக்கூடத்தார் இதற்காகவே பேனா போன்ற பொருள்களை வேண்டாமென்று ஒதுக்குவதும் உண்டு.

சட்டம் என்ன சொல்கின்றது?

நம் நாட்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் 2016-இல் வந்தன. உரமாகும் பிளாஸ்டிக் இந்தியத் தர நிர்ணயம் 17088-க்கு இணங்க வேண்டும். செய்வோரும் விற்போரும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று பெற வேண்டும். 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் உரமாகும் பிளாஸ்டிக்கையும் மட்கும் பிளாஸ்டிக்கையும் வெவ்வேறாகப் பிரித்தது. நுண்பிளாஸ்டிக் எஞ்சாமல் மட்க வேண்டும் என்ற நிபந்தனை 2024-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் தெளிவாக்கப்பட்டது. ஆகவே கடைக்காரரிடம் சான்றைக் கேட்பது நம் உரிமை. நான் அன்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அளவுகோலை வாங்கியிருக்க மாட்டோம்.

நம் சங்கம் செய்யத்தக்கவை

நம் முன்னோரின் எழுதுபொருள் ஓலையும் எழுத்தாணியும். ஓலை மண்ணில் விழுந்தால் கரையானுக்கு இரை. அதனால் எத்தனையோ நூல்களை இழந்தோம்; பெயர்த்தெழுதிக் காத்தவையே நமக்கு எஞ்சின. எழுத்து அழியாமல் இருக்க வேண்டும், எழுதுபொருள் அழிய வேண்டும் என்பதே நமக்கு வேண்டியது. இன்றோ, விழாவில் பேசிய பேச்சு மறுநாளே மறந்துவிடுகின்றது. கொடுத்த பேனா மட்டும் நிலைத்து நிற்கின்றது. எழுத்தாணியைப் பாருங்கள்: அது ஒரு வாழ்நாள் முழுவதும் பயன்பட்ட இரும்பு. யாரும் அதை ஒருநாள் விழாவிற்கு முந்நூறு வாங்கி எறியவில்லை.

ஆதலின், இவ்வாண்டு விழாக் குழுவின் முன் நான் வைக்கும் கருத்துகள் இவை.

ஒன்று: விழாவிற்குப் பேனா வழங்குவதையே நிறுத்துவோம். மாணவனிடம் பேனா இல்லாமலா இருக்கும்? இல்லாதார்க்கு மட்டும் ரீஃபில் மாற்றக்கூடிய பேனாவோ மை ஊற்றும் பேனாவோ தருவோம்.

இரண்டு: அட்டைக்கோப்பும் பருத்தி டேக் கயிறும் ஓராண்டில் மண்ணாயின, அவை விலையும் குறைவு. அவற்றின் தகர முனைகளை மட்டும் கழற்றிக்கொண்டால் போதும். பழைய பொருளே சிறந்த பொருளாகிவிட்டது.

மூன்று: பெயரட்டைகளை விழா முடிந்ததும் வாயிலில் திரும்பப் பெற்று மறு ஆண்டும் பயன்படுத்துவோம்.

நான்கு: ‘மட்கும்’ என்று எதை வாங்கினாலும் நான்கு கேள்விகள் கேட்போம். எந்த இடத்தில் மட்கும்? எத்தனை நாளில்? எவர் தந்த சான்று? அந்த இடத்திற்கு இதைக் கொண்டு சேர்ப்பவர் யார்? நான்காம் கேள்விக்கு விடையில்லையேல் மற்ற மூன்றும் வீண்.

ஐந்து: சென்ற ஆண்டுப் பேனாக்களைத் தோட்டத்தில் புதைத்தவர்கள் தோண்டி எடுத்து என்னிடம் தர வேண்டுகின்றேன். புதைக்காமல் வைத்திருப்போர் எறிய வேண்டாம். ரீஃபில் மாற்றி எழுதுங்கள். உடல் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். மண்ணில் மட்காத பேனா கையிலும் எளிதில் மட்காது என்பதே அதன் ஒரே நன்மை.

சிலர் கேட்கலாம்: அப்படியானால் மட்கும் பிளாஸ்டிக் வீண்தானா? இல்லை. உணவுக் கழிவோடு சேர்த்து உரக்கூடத்திற்கே செல்லும் பைகளுக்கு அது நல்ல பொருள். கழிவைப் பிரித்தெடுக்கும் வேலை மிச்சம். உரக்கூடங்கள் பெருகி, பச்சைத் தொட்டியிலிருந்து அங்கே ஒழுங்காகப் போய்ச்சேரும் வழியும் அமைந்தால் அதன் பயன் இன்னும் விரியும். வழி அமைக்காமல் பொருளை மட்டும் வாங்குவது, தண்டவாளம் இல்லாத ஊருக்குப் பயணச்சீட்டு வாங்குவது போன்றதே.

பொருளாளரிடம் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். “இரு மடங்கு விலை கொடுத்து ஒரு பாடம் வாங்கினோம் என்று கணக்கில் எழுதிவிடுகிறேன், போங்கள்” என்றார் அவர். மேடையில் என் சொல்லை நம்பிக் கைதட்டிய உங்களிடமும் இக்கட்டுரை வாயிலாக அதையே கேட்கின்றேன்.

தோண்டியெடுத்த பேனாவின் எஞ்சிய பாதி என் மேசைமேல் இருக்கின்றது. அதற்குள் புதிய ரீஃபிலைச் செருகித்தான் இக்கட்டுரையை எழுதி முடித்தேன். நன்றாகவே எழுதுகின்றது.